‘முடியல’ன்னு சொல்லிப் பழகணும்!

போலகத்தில் ஏறிப் பார்க்க ஒரு மேடு கிடையாது. வயல், வாய்க்கால், அதைத் தாண்டினால் கடல். காரைக்காலிலிருந்து நாகப்பட்டினம் போகும் வழியில் இருக்கிற இந்த ஊரில் உயரமான இடம் எதுவென்று கேட்டால், தண்ணீர்த் தொட்டியைத்தான் கை காட்ட வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் ஒரு தம்பதி, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு நடக்கக் கிளம்பினார்கள். அவருக்கு 52 வயது, தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அவளுக்கு 47, வீட்டிலேயே தையல். ஒரே மகள், கோவையில் வேலை பார்க்கிறாள்.

கல்யாணமாகி 25 வருடத்தில் இருவரும் தனியாக எங்கேயும் போனதில்லை. பழனி, திருப்பதி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று எதற்குப் போனாலும் வேன் நிறைய ஆட்கள் இருப்பார்கள். ‘நாம ரெண்டு பேர் மட்டும்’ என்று போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான்.

ஆசை அவளுடையது. அகத்தியர்கூட மலையேற்றத்துக்குப் பெண்களை அனுமதிக்காமல் இருந்தார்கள். 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் போகலாம் என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற அரசு அதிகாரி ஏறிவிட்டு வந்தார். அந்தச் செய்தியை டி.வி-யில் பார்த்த அன்றே, “என்னங்க, நாமளும் ஒரு தடவ போவமா?” என்று கேட்டாள். “பாக்கலாம்” என்றார்.

அந்த ‘பாக்கலாம்’ பல வருடம் இழுத்தது. மகள் படிப்பு, மாமியாரின் கடைசிக் காலம், வீட்டுக் கடன். மகள் வேலைக்குப் போய் முதல் தீபாவளிக்குப் பணம் அனுப்பியபோது, அவள் மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அவரிடம் சாக்கு எதுவும் மிச்சமில்லை.

மகள்தான் பயந்தாள். “குரங்கணி ஞாபகமிருக்காப்பா?” என்றாள். தேனி மாவட்டம் குரங்கணி மலையில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில், மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகளைக் கடுமையாக்கினார்கள். அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறையின் அனுமதியில்லாமல் போக முடியாது. வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள்தான் சீசன். நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து ஆன்லைனில் பதிவு செய்கிறார்கள். மருத்துவச் சான்றிதழ் வேண்டும். வழிகாட்டி உண்டு. பிளாஸ்டிக் கூடாது. இதையெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் மகள் சமாதானமானாள்.

மூன்று நாள் பயணம். திருவனந்தபுரம் மாவட்டத்து போணக்காட்டில் தொடங்கி, முதல் நாள் முழுக்கக் காட்டுக்குள் நடந்து அதிருமலை முகாம். இரண்டாம் நாள் உச்சிக்கு ஏறி முகாமுக்கு இறக்கம். மூன்றாம் நாள் வந்த வழியே திரும்ப வேண்டும். முகாமில் தங்க இடம் உண்டு என்பதால் கூடாரம் தூக்க வேண்டாம். மற்றதெல்லாம் முதுகில்தான்.

நடப்பது பற்றி அவருக்குக் கவலையே இல்லை. அதற்குக் காரணம், வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. அந்தச் சமயத்தில் சென்னை, புதுச்சேரி பக்கமிருந்து காவி உடுத்திக்கொண்டு கூட்டம் கூட்டமாக இந்தச் சாலை வழியாகத்தான் போவார்கள். வருடா வருடம் வாசலில் பானை வைத்து அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்கிற வீடு அது.

“செருப்புகூட இல்லாம 300 கிலோமீட்டருக்கு மேல நடந்து வர்றாங்க. நமக்கென்ன, ஷூ வாங்கியாச்சு” என்பார்.

மோர் ஊற்றுகிறவள் அவள். திண்ணையில் உட்கார்ந்து பாதத்தைத் தூக்கிப் பார்த்துக்கொள்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஆனாலும் அவர் உற்சாகத்தைக் கெடுக்க வேண்டாம் என்று எதுவும் சொல்லவில்லை.

முதல் வேலை, பை. அவர் பையைக் கட்டி முடித்து எடை போட்டால் 13 கிலோ. உள்ளே இரண்டு டார்ச், நைலான் கயிறு, சுத்தியல், ஐந்து லிட்டர் கேன். “சுத்தியல் எதுக்குங்க?” என்றதற்கு, “இருக்கட்டும்” என்பதுதான் பதில். அவள் பை 9 கிலோ. இரண்டு ஜமுக்காளம், இட்லிப்பொடி, மூன்று வகை தைலம், ‘யாராவது கேட்டா குடுக்கலாம்’ என்று ஒரு டப்பா முறுக்கு.

பல நாள் நடைக்கு உடம்பு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. புதிதாகக் கிளம்புகிறவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கே போதும். 68 கிலோ உள்ளவருக்கு 7 கிலோ, 56 கிலோ உள்ளவளுக்கு ஐந்தரை கிலோ. இருவருக்கும் சேர்த்து ஒரே சோப்பு, ஒரே தைலம், ஒரே மருந்துப் பை என்று குறைத்தார்கள். சுத்தியல் வீட்டிலேயே நின்றது. முறுக்கில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போனது.

மலை இல்லாத ஊரில் மலையேறிப் பழக, சொந்தக்காரரின் மூன்று மாடி வீட்டுப் படிதான் கிடைத்தது. பையை மாட்டிக்கொண்டு தினம் பத்துத் தடவை ஏறி இறங்கினார்கள். ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான் முழங்காலுக்கு வேலை. “என்ன மாமா, அக்காவைக் கூட்டிக்கிட்டு ஊரை விட்டு ஓடப்போறீங்களா?” என்று தெருவில் கேட்காதவர் இல்லை.

மார்கழியில் மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் ஒத்திகை. பையோடு வேளாங்கண்ணி வரை நடப்பது என்று முடிவு. 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். விடிவதற்குள் கிளம்பினார்கள். வாஞ்சூர் தாண்டி நாகூர் வரை பேச்சும் சிரிப்புமாகத்தான் போனார்கள். நாகப்பட்டினத்தில் பேச்சு குறைந்தது. ஊரைத் தாண்டிய பிறகு இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் அவள் கவனித்தாள்.

“என்னங்க, கால இழுத்து இழுத்து வர்றீங்க?”

“ஒண்ணுமில்ல. சாக்ஸ் மடங்கியிருக்கு.”

“கழட்டுங்க, பாப்போம்.”

கழற்றினால், குதிகால் கொப்புளம் உடைந்து சாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“எப்பலேருந்து?”

“நாகூருக்கு முன்னாலேயே சுட ஆரம்பிச்சிடுச்சு.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீ எத்தனை வருஷமா ஆசைப்பட்டுக் கேட்ட. மொத நாளே நான் உக்காந்துட்டா நல்லாவா இருக்கும்?”

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. காயத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும் என்று அவர் அவள் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே இருந்தது.

“நீ தண்ணியே குடிக்கலயா?”

பதில் இல்லை. திரும்பக் கேட்டார்.

“குடிச்சா ஒதுங்கணும். ரோட்டுல எங்க போறது? உங்கள எத்தனை தடவ நிக்கச் சொல்றது?” என்றாள். நாகப்பட்டினத்திலிருந்தே அவளுக்குத் தலை வலித்துக்கொண்டிருந்தது.

அவள் அன்றைக்கு மட்டும் அப்படி இருக்கவில்லை. வேனில் போன ஒவ்வொரு பயணத்துக்கும் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். ஊர் திரும்பி இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து டாக்டரிடம் கூட்டிப் போனவர் அவர்தான். மருந்துச் சீட்டை வாங்கி மாத்திரை வாங்கியவரும் அவர்தான். காரணம் என்னவென்று அவர் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை. இந்தியாவில் பயணம் போகிற பெண்களில் இந்தக் கணக்குப் போடாதவர்கள் குறைவு. வீட்டு ஆண்களில் இது தெரிந்தவர்களும் குறைவு.

அன்று பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்கள். வழியெல்லாம் அவர் ஜன்னலோரம் பேசாமல் வந்தார். வாஞ்சூர் வந்தபோது, “இங்க பஸ் இருந்துச்சு, ஏறிட்டோம். அங்க இருக்காதே” என்று மட்டும் சொன்னார்.

காட்டுக்குள் கால் புண்ணானாலும் தலை சுற்றினாலும் வெளியே வர நடைதான் வழி. ஒருவர் மறைத்த வலியை மூன்றாம் நாள் இன்னொருவர் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும். அதுவரை அவர்கள் செய்த தயாரிப்பில் பை இருந்தது, படி இருந்தது, ஷூ இருந்தது. இது மட்டும் இல்லை.

அன்று ராத்திரி காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்.

கால் சுட ஆரம்பித்த உடனே நிற்க வேண்டும். ஈரமும் உரசலும் சேர்ந்துதான் கொப்புளம் வரும். சூடு தெரியும்போதே பிளாஸ்திரி ஒட்டினால் பெரும்பாலும் கொப்புளமாகாது. பருத்தி சாக்ஸ் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கம்பளி கலந்த சாக்ஸ். ஷூ அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் விரல் இடிபடும்.

மணிக்கு ஒரு தடவை, தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் இன்னும் குடிக்க வேண்டும் என்று அர்த்தம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நான்கு. காட்டில் ஒதுங்க வேண்டுமானால் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, ஓடையிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். குழி தோண்டி மூட ஒரு சின்னக் கரண்டி. ஒருவர் போகும்போது மற்றவர் கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும்.

கடைசி வரியை அவர் எழுதினார்: ‘முடியலன்னா முடியலன்னு சொல்லணும். கேக்குறவங்க முகத்தச் சுளிக்கக் கூடாது.’

“இது யாருக்கு?” என்றாள்.

“ரெண்டு பேருக்கும்தான்.”

குதிகால் ஆற இரண்டு வாரம் ஆனது. அதற்குள் ஆன்லைன் பதிவு திறந்து, மகள் கோவையிலிருந்தே இருவருக்கும் இடம் பிடித்துவிட்டாள். மருத்துவச் சான்றிதழ் வாங்கப் போனபோது, தொற்று வந்த கதையை அவள் டாக்டரிடம் முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பொங்கல் முடிந்த கையோடு இரண்டாவது ஒத்திகை. இந்தத் தடவையும் அதே சாலைதான். இரண்டு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார்கள். அவர் நின்றார்.

“இடது கால் சுடுற மாதிரி இருக்கு.”

சொல்லிவிட்டு, தப்பு செய்தவர் போல அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பையை இறக்கி, பிளாஸ்திரியும் கத்தரியும் எடுத்தாள். மைல்கல்லில் உட்கார்ந்து ஒட்டி முடிக்க ஐந்து நிமிடம்.

வாஞ்சூர் எல்லையை நெருங்கும்போது அவள் நின்றாள். புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் வரி குறைவு என்பதால், எல்லைப் பக்கம் பெட்ரோல் பங்குக்குப் பஞ்சமில்லை. டயருக்குக் காற்று, குடிதண்ணீர், கழிப்பறை மூன்றும் பங்கில் இருக்க வேண்டும் என்பது விதி. வண்டியே இல்லாமல் முதுகில் பையோடு வந்து நிற்கிறவர்களைப் பார்த்து ஊழியர் விழித்தார்.

“பாத்ரூம் எந்தப் பக்கம் தம்பி?” என்று அவளே சத்தமாகக் கேட்டாள்.

அவள் திரும்பி வரும்வரை இரண்டு பைகளையும் காலடியில் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். வந்ததும், நிரப்பி வைத்த பாட்டிலை நீட்டினார். பாதி பாட்டிலை அங்கேயே குடித்துவிட்டு, “இப்ப போவலாங்க” என்றாள்.