ஆஸ்டின் வீட்டுப் பத்திரப்பெட்டி

ஜேன் ஆஸ்டினின் உயில் ஒரே ஒரு தாள். 1817 ஏப்ரல் 27 என்று தேதியிட்டு, வக்கீல் யாரையும் வைத்துக்கொள்ளாமல் தன் கையாலேயே எழுதியது. இருப்பது, இனி வர வேண்டியது எல்லாம் அக்கா கஸாண்ட்ராவுக்கு. அதில் ஈமச்செலவு போக, அண்ணன் ஹென்றிக்கு 50 பவுண்டு, மதாம் பிஜோனுக்கு 50 பவுண்டு. சாட்சிக் கையெழுத்து கிடையாது.

'இனி வர வேண்டியது' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத, கல்யாணம் ஆகாத, 41 வயதுப் பெண்ணுக்கு இனி எங்கிருந்து என்ன வரும்? புத்தகப் பணம்தான். எழுதி முடித்த இரண்டு நாவல்கள் அச்சேறாமல் மேஜைக்குள் கிடந்தன. அந்த வருஷக் கடைசியிலேயே இரண்டும் சேர்ந்து வெளிவந்தன. வரும்படி கஸாண்ட்ராவுக்குப் போனது. நோயில் படுத்திருந்தவர் அந்த ஒரு சொல்லை மறக்காமல் போட்டிருக்கிறார். கணக்குத் தெரிந்த கை.

மதாம் பிஜோன் சொந்தக்காரி இல்லை. ஹென்றியின் லண்டன் வீட்டைப் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுக்காரப் பணிப்பெண். 1816 மார்ச்சில் ஹென்றியின் வங்கி திவாலானபோது அவருடைய சேமிப்பும் அதோடு போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அண்ணனுக்கும் அண்ணன் வீட்டு வேலைக்காரிக்கும் ஒரே தொகை.

*

இந்தக் குடும்பத்தின் உயில்களையும் செட்டில்மெண்டுகளையும் தேதிவாரியாகக் கோத்துப் பார்த்தால், பெண்களின் கதையைத் தீர்மானித்தது பெரும்பாலும் எழுதியது அல்ல, எழுதாமல் விட்டது என்று தோன்றுகிறது. தொடக்கம் கொள்ளுப்பாட்டியிடமிருந்து.

எலிசபெத் வெல்லர். கென்ட் மாவட்டத்தில் துணித்தொழிலால் வளர்ந்த ஆஸ்டின் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். 1704-ல் கணவர் இறந்தபோது மிஞ்சியவை ஏழு பிள்ளைகளும் மனைவிக்கே முழுதாகத் தெரியாத கடன்களும். மாமனார் ஜான் ஆஸ்டின் வசதியானவர். கடனுக்குக் கைகொடுப்பதாக வாயால் சொன்னார். அடுத்த வருஷமே அவரும் போனார். உயிலைப் பிரித்தால் அந்த வாக்கு அதில் இல்லை. சொத்தின் பெரும்பகுதி மூத்த பேரனுக்கு. மற்றப் பையன்களுக்கு ஏதாவது தொழிலில் சேர்த்துவிடும் அளவுக்கு மட்டும் சில்லறை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள், எழுத்தில் இல்லாததைக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். சட்டப்படி அவர்கள் சொன்னது சரிதான். அதுதான் கசப்பு.

இந்த அம்மாள் ஒரு காரியம் செய்தார். 1706, 1707 வாக்கில் நடந்ததையெல்லாம் தனக்கும் பிள்ளைகள் படிப்பதற்குமாக எழுதிவைத்தார். யாரிடம் போய்க் கேட்டேன், என்ன பதில் வந்தது, எதை விற்றேன், இத்தனை வருமானத்தில் எப்படிக் குடும்பம் ஓட்டுவது என்று. பெண்ணுக்கு உயில் எழுதச் சொத்து இல்லாத இடத்தில் இப்படி ஒரு பத்திரம். கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, செவனோக்ஸ் பள்ளியில் ஆசிரியரும் மாணவர்களும் தங்கிய வீட்டை நிர்வகிக்கும் வேலைக்குப் போனார். கூலியை விட அவருக்கு வேண்டியிருந்தது, பையன்களுக்கு அந்தப் பள்ளியில் படிப்பு. அந்தப் பையன்களில் ஃபிரான்சிஸ் வக்கீலானார், பெரும் பணக்காரரும் ஆனார். வில்லியம் மருத்துவரானார். வில்லியம்தான் ஜேனின் தாத்தா.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலின் முதல் அத்தியாயத்தை இதன் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரு கிழவர் தன்னைப் பார்த்துக்கொண்ட பெண்களை விட்டுவிட்டு, மழலை பேசி மயக்கிய நாலு வயதுப் பையன் பேரில் எஸ்டேட்டைக் கட்டிவைக்கிறார். பெண்களுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு. பிறகு அவர்களின் தகப்பன் சாகும்போது மூத்த தாரத்து மகனிடம் வாய்வாக்கு வாங்குகிறார். அவன் மனைவி அந்த வாக்கை எப்படித் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் ஆக்குகிறாள் என்பதுதான் இரண்டாவது அத்தியாயம். ஆங்கில இலக்கியத்தில் இதைவிடக் கொடூரமான பேரம் எனக்கு நினைவில்லை.

*

வில்லியம் ஆஸ்டின் செய்த பிழை: உயில் எழுதினார், அது நல்ல உயில். ஆனால் முதல் மனைவி இறந்தபின் 1736-ல் மறுமணம் செய்துகொண்டு, உயிலைத் திருத்தவில்லை. மறுவருஷம் இறந்தார். உயிலுக்குப் பின் வந்த மனைவிக்குச் சொத்தில் முதல் உரிமை. சின்னம்மா தன் உரிமையை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளை எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிலடெல்ஃபியாவுக்கு ஏழு வயது, ஜேனின் தந்தையாகப்போகிற ஜார்ஜுக்கு ஆறு, லியோனோராவுக்கு அதற்கும் கீழே.

பையனுக்கு வழி பிறந்தது. வக்கீல் பெரியப்பா படிக்கவைத்தார், ஆக்ஸ்ஃபோர்டு போனார், பாதிரியாரானார். மூத்த பெண்ணுக்கு? 1745-ல் 45 பவுண்டு கட்டி, லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பியும் பூவேலையும் தைக்கும் கடையில் ஐந்து வருஷத் தொழில் பழக விட்டார்கள். அந்த ஒப்பந்தமும் ஒரு பத்திரம்தான்.

*

1752 ஜனவரியில் ஃபிலடெல்ஃபியா 'பாம்பே காஸில்' கப்பலில் ஏறினார். ஆகஸ்டு 4 சென்னை. வயது 22. மாப்பிள்ளை தேடிக் கப்பலேறுவது அன்று சீதனம் இல்லாத பெண்களுக்குத் தெரிந்த வழி. 1753 பிப்ரவரி 22 அன்று கடலூரில் கல்யாணம். மாப்பிள்ளை டைசோ சால் ஹான்காக், கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித டேவிட் கோட்டை மருத்துவர். தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றோரம் இன்று சிதிலமாகக் கிடக்கிறதே, அதே கோட்டை. கல்யாணம் ஆன ஐந்தாம் வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்தார்கள். ஜேன் ஆஸ்டினின் அத்தை நம் கடலூரில் வாழ்க்கைப்பட்டவர் என்பதை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

பிறகு கல்கத்தா. 1761 டிசம்பரில் பெண்குழந்தை, எலைசா. ஞானத்தகப்பன் கம்பெனி அதிகாரி வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர்தான் நிஜத் தகப்பன் என்று கல்கத்தாவில் அன்றே வம்பு கிளம்பியது, இன்றும் அடங்கவில்லை. வம்பை விட்டுவிட்டுப் பத்திரத்தைப் பார்க்கிறேன். 1772-ல் ஹேஸ்டிங்ஸ் 5,000 பவுண்டுக்கு ஏற்பாடு செய்தார். 1775-ல் அதை 10,000 ஆக்கினார். வட்டியை ஹான்காக்கும் மனைவியும் ஆயுள் பரியந்தம் அனுபவிக்க வேண்டியது, அவர்களுக்குப் பின் எலைசாவுக்கு. டிரஸ்டிகளில் ஒருவர் ஜார்ஜ் ஆஸ்டின், அதாவது தாய்மாமன்.

அதே 1775-ல் ஹான்காக் கல்கத்தாவில் இறந்தார். இருபது வருஷத்துக்கு மேல் வியாபாரமும் வைத்தியமும் பார்த்தவரின் கணக்கைத் தீர்த்தபோது கடனுக்கே சரியாகப் போயிற்று. உயிலில் மகளுக்கு ஒரு மோதிரம் வைத்திருந்தார். ஜான் ஸ்மார்ட் தீட்டிய ஃபிலடெல்ஃபியாவின் சிற்றுருவப் படம், சுற்றிலும் வைரம். அம்மாவின் முகமும் குணமும் மகளுக்கு நினைவிருக்க வேண்டும், அதை ஒருநாளும் கைவிடக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறார். கடன்காரர்கள் வாசலில் நிற்கும் ஆள், ஒரு நகத்தளவு ஓவியத்தைப் பற்றி இத்தனை வார்த்தை செலவழிக்கிறார். நான் படித்த உயில்களில் மறக்காத வரி இது.

*

டிரஸ்டு ஏன் அவ்வளவு முக்கியம்? அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் கல்யாணம் ஆனால் பெண் கணவனுக்குள் கரைந்துவிடுவாள். அவள் கையில் இருந்த ரொக்கம், நகை, பங்கு எல்லாம் அவனுடையது. அவன் சம்மதம் இல்லாமல் உயில்கூட எழுத முடியாது. 1870, 1882 சட்டங்கள் வரும்வரை இதுதான். பிறந்த வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுதான்: பணத்தை அவள் கையில் கொடுக்காமல் டிரஸ்டிகள் பேரில் கட்டிவைப்பது. அவளிடமிருந்து ஒளித்துவைத்தால்தான் அவளுக்கு மிஞ்சும்!

எலைசா 1781-ல் ஒரு பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரை மணந்தார். கவுண்ட் என்று சொல்லிக்கொண்டவர். மாப்பிள்ளை வீட்டுக்குப் பணம் கரைந்துவிடுமோ என்ற கவலை டிரஸ்டிகளுக்கு அப்போதே வந்துவிட்டது. 1794 பிப்ரவரி 22 அன்று பாரிசில் அந்தக் கணவரின் தலை கில்லட்டினில் போயிற்று. கடலூரில் மாமியார் கல்யாணம் நடந்த அதே தேதி. 1797 கடைசி நாளில் எலைசா மறுமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளை தன்னைவிடப் பத்து வயது இளைய ஹென்றி ஆஸ்டின். நம் கணக்கில் ஹென்றிக்கு அத்தை மகள், முறைப்பெண்.

*

இந்தப் பத்திரங்களில் பெயர்களும் குழப்புகின்றன. சொத்து கொடுப்பவர் தன் குடும்பப் பெயரையும் சுமக்கச் சொல்வார். ஜேனின் அண்ணன் எட்வர்டு, குழந்தையில்லாத நைட் தம்பதிக்குச் சுவீகாரம் போய், 1812-ல் எட்வர்டு நைட் ஆனார். அந்த நைட் குடும்பத்துப் பெரியவரே முதலில் பிராட்னாக்ஸ், பிறகு மே, பிறகு நைட். ஒவ்வொரு முறையும் பார்லிமெண்டில் தனிச் சட்டம். இந்தக் கனவான் இஷ்டப்பட்ட பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரேயடியாகச் சட்டம் போட்டுவிடலாமே என்று ஒரு உறுப்பினர் சலித்துக்கொண்டதாகக் கதை.

ஜேன் கடைசி எட்டு வருஷம் குடியிருந்த சாட்டன் வீடு இந்த எட்வர்டு கொடுத்தது. அந்தச் சொத்துக்கும் 1814-ல் பங்காளி வழக்கு வந்தது. பழைய பத்திரத்தில் ஓட்டை என்று வாதம். 1818-ல் 15,000 பவுண்டு கொடுத்துத்தான் எட்வர்டால் தீர்க்க முடிந்தது. ஜேன் தன் கடைசி வருஷங்களில் எழுதிய மேஜை, வழக்கில் கிடந்த வீட்டில் இருந்தது.

*

1805-ல் தந்தை ஜார்ஜ் இறந்தபோது பாதிரியார் வருமானம் அன்றோடு நின்றது. விதவைத் தாயும் கஸாண்ட்ராவும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 210 பவுண்டு. கஸாண்ட்ராவின் பங்கு, நிச்சயித்த மாப்பிள்ளை டாம் ஃபவுல் விட்டுப்போன 1,000 பவுண்டின் வட்டி. அவர் 1797-ல் மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் இறந்தவர், கப்பலேறுமுன் உயில் எழுதியிருந்தார். இந்தக் கதையில் மறக்காமல் எழுதிய ஆண்பிள்ளைகளில் ஒருவர். ஜேனின் பங்கு: பூஜ்யம். மீதியை அண்ணன்மார் ஆளுக்கு ஐம்பதும் நூறுமாகப் போட்டு நிரப்பினார்கள்.

*

எல்லோரும் நம்பியிருந்தது ஜேனின் தாய்மாமன் ஜேம்ஸ் லீ பெரோவை. பிள்ளையில்லை. ஸ்டோன்லி எஸ்டேட்டில் தன் உரிமையை விட்டுக்கொடுத்து 24,000 பவுண்டும் வருஷாந்திரம் 2,000-மும் பெற்றவர். 1817 மார்ச் 28-ல் இறந்தார். உயிலைப் படித்தார்கள். எல்லாம் மனைவிக்கு, அவர் ஆயுள் உள்ளவரை. கூடப்பிறந்த தங்கைக்கு ஒன்றுமில்லை. மருமக்களுக்குத் தலைக்கு 1,000 பவுண்டு, அதுவும் மாமி காலமாகும்போது உயிரோடிருப்பவர்களுக்கு மட்டும். மாமி 1836 வரை இருந்தார், வயது 92.

ஜேன் ஏப்ரல் 6 அன்று தம்பி சார்ல்ஸுக்கு எழுதினார்: சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாமாவின் உயில் கேட்ட அதிர்ச்சியில் மறுபடி படுத்துவிட்டேன், அக்காவை உடனே திரும்பி வரச் சொன்னேன் என்ற பொருளில். வெட்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. மூன்று வாரம் கழித்து அந்த ஒற்றைத் தாள்.

ஜூலை 18-ல் இறந்தார். சாட்சி இல்லாத உயில் என்பதால் கான்டர்பரி கோர்ட்டில் கேள்வி வந்தது. நிலம் இல்லாத சொத்துக்கு அன்று சாட்சி கட்டாயமில்லை, ஆனால் கையெழுத்து அவருடையதுதான் என்று யாராவது சத்தியம் செய்ய வேண்டும். சார்ல்ஸின் மாமனார் ஜான் குரோவ் பாமரும் மகள் ஹாரியட்டும் போனார்கள். உயிரோடு இருந்தவரை எந்தப் புத்தகத்திலும் தன் பெயரைப் போடாதவரின் எழுத்து இதுதான் என்று அடையாளம் சொன்னார்கள். செப்டம்பர் 10-ல் உயில் நிரூபணம் ஆயிற்று. சொத்து மதிப்பு: 800 பவுண்டுக்குள்.