சிவப்புக் கோடு

எந்தப் பையன் உருப்படுவான், எவன் உருப்படமாட்டான் என்பது தங்களுக்கு முன்கூட்டியே தெரியும் என்று உபாத்தியாயர்களுக்கு ஒரு தீராத நம்பிக்கை. நானும் அதற்கு விலக்கல்ல.

என் பத்தாம் வகுப்பில் சைக்கிள் கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். கணக்குப் பாடத்தைக் காட்டிலும் பங்க்சர் ஒட்டுவதில் அவனுக்குச் சிரத்தை அதிகம். "நீ டயரைக் கட்டிக்கொண்டே அழு!" என்று ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். இன்று அவன் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியன். சென்ற சித்திரையில் என்னை ஆகாயத்தில் அழைத்துச் செல்வதாக எழுதியிருந்தான். எட்டு மணி நேரம் பஸ்ஸில் பிரயாணம் செய்து போய்ச் சேர்ந்தேன்.

விமானம் செஸ்னா 152. இருவர் மட்டுமே அமரலாம்; 110 குதிரைச் சக்தி. நான் கதவைப் பிடித்து ஏறத் தயாரானபோது, அவன் மண்டியிட்டுச் சக்கரத்தைத் தடவிக்கொண்டிருந்தான்.

"இன்னும் கடை ஞாபகம் போகவில்லையா, அப்பா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

டயரின் பக்கவாட்டிலிருந்து உலோக விளிம்புவரை சிவப்பாக ஒரு கோடு தீட்டியிருந்தது. அது ஒரே கோடாக இல்லை. டயரிலிருந்த துண்டு ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

"டயர் நழுவியிருக்கிறது, ஸார். அதோடு டியூபும் நகரும். வால்வு மட்டும் விளிம்பின் துவாரத்தில் மாட்டிக்கொண்டு நிற்கும். ஓடும்போது அது பிய்ந்தால்..." என்று நிறுத்திக்கொண்டான்.

"ஒரு விரற்கடைதானே?" என்றேன்.

"இன்று இல்லை, ஸார்." அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. வகுப்பறையில் நான் உபயோகிக்கும் குரல்தான்!

கோபம் தணியாமலே கொட்டகைக்குள் போனேன். கழற்றிய டயரைக் காட்டினான். ஓரிடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பிரேக்கை மிதித்தபடியே தரையைத் தொடுகிறவர்கள் செய்யும் வேலையாம் அது. குதிகால் தளத்தில் ஊன்றியிருக்க வேண்டும், பாதத்தின் நுனி பிரேக்கில் படக்கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் வலிக்கிறதாம். (என் தொழிலின் சுகம் அவனுக்கும் கிட்டட்டும்!) முன் சக்கரத்தில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, மற்ற இரண்டிலும் 21 பவுண்டு காற்று இருக்கவேண்டும், சக்கரம் ஓடிச் சூடேறுமுன் அளக்கவேண்டும். காற்று குறைந்த டயர் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். கிளம்பும் ஓட்டம் நீளும்.

மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பினோம். வெயில் ஏறினால் காற்று இலேசாகிவிடும். இறக்கைக்கும் பலம் குறையும், எஞ்சினுக்கும் பலம் குறையும். விசையை முழுவதும் முன்னே தள்ளினான். மூக்கு இடப்புறம் இழுத்தது. வலது காலால் அதை நேராக்கினான். என் கைகள் நாற்காலியை இறுகப் பற்றின. வேகம் 50 நாட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீட்டர் வந்தபின்தான் பிடியை மெதுவாகத் தன்பக்கம் இழுத்தான். அவசரப்பட்டு முன்னதாக இழுத்தால், எழும்பினாலும் மேலே ஏறத் தெம்பில்லாமல் மறுபடி தரையில் விழும் என்று கொட்டகையில் சொல்லியிருந்தான்.

சக்கரங்களின் தடதடப்புச் சட்டென்று நின்றது. கீழே ஓடுபாதை நழுவிப் போயிற்று. பத்தாம் வகுப்பில் நான் சொன்னது அவனுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.

"கொஞ்சம் உயரம் போகட்டும், ஸார். அதுவரையில் பேசவேண்டாம்" என்றான்.