பக்கத்துத் தறிச் சத்தம்

பொங்கலுக்கு முதல் நாள் வெள்ளகோவிலில் மாமா வீட்டுப் பரணை ஒதுக்கிக்கொண்டிருந்தோம். பித்தளை அண்டா, ஓட்டை விழுந்த முறம், தறிக்குப் போடும் நாடா நாலைந்து... எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கிதார். தூக்கினால் கனமே இல்லை. பிளாஸ்டிக். நரம்புகளுக்குப் பதிலாகப் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று ஐந்து பொத்தான்கள்.

"அதைய எடைக்குப் போட்டறாதீங்க மாப்ள. பேரனுது" என்றார் மாமா.

ஞாபகம் வந்துவிட்டது. 2009 ஆடி மாசம், லீவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த மாமாவின் மகள் வயிற்றுப் பேரன் கொண்டுவந்தது. 'கிதார் ஹீரோ' என்று ஒரு வீடியோ கேம். டி.வி. திரையில் கிதார் கழுத்து மாதிரி ஒரு பாதை நம்மை நோக்கி ஓடி வரும். அதில் வண்ண வண்ணப் புள்ளிகள். புள்ளி கோட்டைத் தொடும்போது அதே நிறப் பொத்தானை அமுக்கிக்கொண்டு, கீழே உள்ள கட்டையைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் பாட்டில் கிதார் பேசும். தப்பித் தப்பித் தட்டினால் திரையில் இருக்கும் கூட்டம் கூச்சல் போட்டு மேடையை விட்டு இறக்கிவிடும்.

"ஏங்கண்ணு, இதுல நரம்பே இல்லையே?" என்று கேட்டார் மாமா.

"நரம்பு வேண்டாம் அப்பிச்சி. டைமிங்தான் முக்கியம்."

மாமாவுக்கு அது சட்டென்று புரிந்தது. முப்பது வருஷம் தறிக்குடோனில் நின்றவர். எட்டுத் தறி ஓடும் சத்தத்தில் ஒரு தட்டு பிசகினாலும், எந்தத் தறி என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். 'டைமிங்' அவருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

பேரனின் பள்ளிக்கூடத்தில் அப்போது இரண்டு கட்சி. எம்.ஜி.ஆர். - சிவாஜி மாதிரி, 'கிதார் ஹீரோ' கட்சி, 'ராக் பேண்ட்' கட்சி. விசாரித்தால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 2005-ல் 'கிதார் ஹீரோ' வந்தபோது, ஆட்டத்தை உருவாக்கியது ஹார்மோனிக்ஸ். பிளாஸ்டிக் கிதாரைச் செய்து வெளியிட்டது ரெட் ஆக்டேன். 2006-ல் பாகப்பிரிவினை. ரெட் ஆக்டேனை ஆக்டிவிஷன் வாங்கியது. ஹார்மோனிக்ஸை எம்.டி.வி. வாங்கியது. ஒருவருக்குப் பெயர் போனது. இன்னொருவருக்கு அதைச் செய்த கைகள் போயின.

2007 அக்டோபரில் 'கிதார் ஹீரோ'வின் மூன்றாம் பாகம். அடுத்த மாதமே ஹார்மோனிக்ஸின் 'ராக் பேண்ட்'. கிதாரோடு டிரம்ஸும் மைக்கும் சேர்த்து ஒரு கச்சேரிக் குழுவையே பெட்டியில் கட்டிக் கொடுத்தார்கள். 2008-ல் 'கிதார் ஹீரோ'வும் டிரம்ஸைச் சேர்த்தது. அந்த மூன்றாம் பாகம் மட்டும் 100 கோடி டாலருக்கு மேல் விற்றது. நடுவே, இவன் கிதார் அவன் ஆட்டத்தில் வேலை செய்யலாமா, கூடாதா என்றுகூட இழுபறி நடந்தது.

'ராக் பேண்ட்'டில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. கூட வாசிப்பவன் தப்பி விழுந்துவிட்டால், நன்றாக வாசிக்கும் இன்னொருவன் சேர்த்துவைத்த பலத்தைக் கொடுத்து அவனை மறுபடி மேடையேற்றலாம். ஆட்டத்துக்குள் இருந்த இந்த நல்ல குணம் வியாபாரத்துக்குள் இல்லை.

2009-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 'கிதார் ஹீரோ 5', மெட்டாலிகாவுக்கு ஒன்று, வேன் ஹாலனுக்கு ஒன்று, 'பேண்ட் ஹீரோ', 'டிஜே ஹீரோ' என்று ஒரே வருஷத்தில் ஒரு பக்கம் இறக்கியது. மறுபக்கம் பீட்டில்ஸ் பாடல்களுக்கென ஒன்று, லெகோ பொம்மைகளோடு ஒன்று. வீட்டில் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக் கிதார் கிடக்க, இன்னொன்றை எங்கே வைப்பது? ஜனம் வாங்குவதை நிறுத்தியது. 2010 டிசம்பரில் ஹார்மோனிக்ஸ் கைமாறியது. 2011 பிப்ரவரியில் 'கிதார் ஹீரோ' பிரிவையே மூடுவதாக ஆக்டிவிஷன் அறிவித்தது. ஆறு வருஷம்கூட ஆகவில்லை.

திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "நம்மூருக் கதையேதான்" என்றார்.

அவர் எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். கரூருக்குப் போகும் சமையலறைத் துண்டு. ஒரு வருஷம் நீலக் கட்டம் போட்ட டிசைன் ஒன்று நன்றாகப் போனது. தெரு முழுக்க அதையே ஓட்டினார்கள். விலை இறங்கியது, பிறகு கேட்க ஆளே இல்லை. மாமா முதலில் நாலு தறியைக் கொடுத்தார். அப்புறம் மிச்சம் நாலையும். எல்லாம் பழைய இரும்பு விலைக்கு. அத்தையின் வளையல் பேங்கிலிருந்து திரும்பவே இல்லை.

இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வியை அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

"இது தாங்காதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா மாமா?"

"தெரியாம என்ன? ஆறு மாசத்துக்கு மேல ஓடாதுன்னு மொதல்ல சொன்னதே நாந்தான் மாப்ள." கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆனா ராத்திரி படுத்தா, பக்கத்துத் தறி ஓடற சத்தம் கேக்குது. அது ஓடறப்ப நம்ம தறிய நிறுத்தறதுக்கு மனசு வருமுங்களா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அமெரிக்காவில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அந்த வருஷம் இந்தச் சத்தம்தான் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம் பேரன் போன் செய்தான். இப்போது வேலைக்குப் போகிறான். பரணில் கிதார் கிடைத்தது என்றதும் ஒரே சந்தோஷம். ஹார்மோனிக்ஸை 2021-ல் எபிக் கேம்ஸ் வாங்கிவிட்டதாம். 2023 டிசம்பரில் 'ஃபோர்ட்நைட்'டுக்குள்ளேயே அதே மாதிரி ஆட்டம் வந்துவிட்டதாம். "பழைய கிதாரையெல்லாம் மறுபடி தேடறாங்க அப்பிச்சி. பத்திரமா வைங்க."

போனை வைத்துவிட்டு மாமா சிரித்தார். "பொம்மைக்குக்கூட மார்க்கெட் திரும்பி வருது பாருங்க மாப்ள."

பிறகு உள்ளே போய் ஒரு துணி எடுத்து வந்தார். கிதாரின் தூசியைத் துடைத்து, பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, அந்தத் துணியிலேயே சுற்றினார். நீலக் கட்டம் போட்ட துண்டு.

பரணில் இன்னும் இரண்டு கட்டு இருக்கிறதாம்.