தந்தையை விட மூத்த மகன்

1949ல் வெளியான 'ஸ்கை டிராகன்' படத்தில் ஹொனலூலு துப்பறிவாளர் சார்லி சானாக நடித்த ரோலண்ட் விண்டர்ஸ், 1904 நவம்பரில் பாஸ்டனில் பிறந்தவர். அவருடைய மூத்த மகன் லீ சானாக நடித்த கீ லூக், அதே 1904ன் ஜூன் மாதத்தில் சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்தவர். ஆக, மகன் தந்தைக்கு ஐந்து மாதம் மூத்தவர்.

பழைய படங்களைப் பார்க்கும்போது யார் எங்கே பிறந்தார், யாருக்குப் பதில் யார் வந்தார் என்று துருவிக்கொண்டிருப்பது எங்கள் குழுவின் பலவீனங்களுள் ஒன்று. இலக்கியம் பேசவேண்டிய இடத்தில் இதென்ன துணுக்குச் சேகரிப்பு என்று நண்பர்கள் சலித்துக்கொள்வதும் வழக்கம்தான். ஆனால் இந்தத் துணுக்கு சிரித்துவிட்டு நகரவிடவில்லை. ஓலண்ட் 16, டோலர் 22, விண்டர்ஸ் 6 என்று 1931 முதல் 1949 வரை மூன்று தந்தையரைக் கொண்டு 44 சார்லி சான் படங்கள் வந்தன. மூன்று தந்தையரும் வெள்ளையர். மகன்களாக வந்தவர்களோ ஏறக்குறைய எல்லோருமே சீன வம்சாவளியினர். ஒரே வீட்டுக்குள் இப்படியொரு கோடு எப்படி விழுந்தது?

பாத்திரத்தைப் படைத்த ஏர்ல் டெர் பிக்கர்ஸ் ஓஹயோ மாநிலத்துக்காரர். 1925ல் வெளியான 'த ஹவுஸ் வித்தவுட் எ கீ' நாவலில் சான் முதன்முதலாக வருகிறார். ஹொனலூலு காவல்துறையில் உண்மையிலேயே சாங் அபானா என்றொரு சீனத் துப்பறிவாளர் இருந்தார். துப்பாக்கியை நம்பாமல் கையில் சவுக்கோடு சூதாட்ட விடுதிகளுக்குள் நுழைந்தவர்; ஒல்லியானவர்; முகத்தில் தழும்பு உடையவர். பருத்த உடலும் பணிந்த பேச்சுமாக உலவும் சானுக்கும் அவருக்கும் தொழிலைத் தவிர ஒற்றுமை குறைவு. எனினும் 'த பிளாக் கேமல்' (1931) படப்பிடிப்பு ஹொனலூலுவில் நடந்தபோது அபானா அங்கே வந்து வார்னர் ஓலண்டோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அசலும் நகலும் அருகருகே நிற்கும் அந்தப் புகைப்படம் அந்தப் படத்தைக் காட்டிலும் எங்களைக் கவர்ந்தது. 1933ல் பிக்கர்ஸும் அபானாவும் சில மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

திரையில் முதல் சார்லி சான் ஓலண்ட் அல்ல என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1926ல் வந்த தொடர்படத்தில் ஜார்ஜ் குவா, 1927ல் 'த சைனீஸ் பேரட்'டில் கமியாமா சோஜின் என்று ஜப்பானியர் இருவர் அவ்வேடத்தை ஏற்றிருந்தனர். அப்போதெல்லாம் சான் துணைப்பாத்திரம்தான். 1929ல் வந்த 'பிஹைண்ட் தட் கர்ட்டன்' படத்திலும் கடைசியில் சற்று நேரம் தலைகாட்டுவதோடு சரி. 1931ல் சான் கதாநாயகனாக உயர்ந்தபோது ஆசிய முகம் விலக்கப்பட்டது. பாத்திரம் சிறிதாக இருந்தவரை ஆசியர், பெரிதானதும் ஸ்வீடன்காரர்! ஹாலிவுட்டின் கணக்கு இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் இடங்கள் அதிகமில்லை.

வார்னர் ஓலண்ட் 1879ல் ஸ்வீடனின் வடபகுதியில் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில், 1892ல், பெற்றோருடன் அமெரிக்கா வந்து சேர்ந்தார். சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தை அமெரிக்கா மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்ததும் அதே 1892ல்தான். 'த ஜாஸ் சிங்கர்' (1927) படத்தில் யூதத் தந்தை, 1929ல் உலகை அழிக்கத் துடிக்கும் ஃபூ மன்ச்சு என்று, அந்நியர் எவரானாலும் ஓலண்டைக் கூப்பிடு என்பதே ஸ்டூடியோக்களின் வழக்கமாக இருந்தது. சானுக்கு அவர் பெரிய ஒப்பனை எதுவும் செய்துகொள்ளவில்லை. புருவத்தை மேலே ஏற்றி, மீசையைக் கீழே இறக்கி, தாடியைக் கூராக்கிக்கொள்வார், அவ்வளவுதான் என்பார்கள்.

நடிப்பைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஓலண்ட் நல்ல நடிகர். தன்னை இளக்காரமாகப் பார்க்கும் சீமான்கள் முன் தலைதாழ்த்தி, ஒரு நொடி தாமதித்து, மெல்லச் சொல்லும் பதிலில் அந்தச் சீமான்களைச் சிறுத்துப்போகச் செய்கிறார். பணிவு அவர் கையில் ஓர் ஆயுதம். அந்தத் தாமதம் குடியின் தயவு என்றும் ஒரு கதை உலவுகிறது. குடிப்பழக்கம் இருந்தது உண்மை. 1936ல் அவர் ஷாங்காய் சென்றபோது அங்கே நல்ல வரவேற்பு கிடைத்தது. ஃபூ மன்ச்சுவால் புண்பட்டிருந்தவர்களுக்குச் சான் ஓர் ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். சீனாவிலேயே சார்லி சான் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் நடித்த சீன நடிகர் சூ ஷின்யுவான் முன்மாதிரியாகக் கொண்டது ஓலண்டின் சானை. ஸ்வீடன்காரர் சீனரைப் போல நடிக்க, அவரைப் பார்த்துச் சீனர் சீனரைப் போல நடித்தார்!

இதே 1931ல் 'டாட்டர் ஆஃப் த டிராகன்' என்றொரு படம் வந்தது. ஃபூ மன்ச்சுவின் மகளாக, கதையின் மையமாக, அன்னா மே வாங். படத்தில் இருபத்துச் சொச்சம் நிமிடமே வந்து இறந்துபோகும் தந்தையாக ஓலண்ட். அவருக்குச் சம்பளம் 12,000 டாலர். அன்னா மே வாங்குக்கு 6,000.

கீ லூக்கிடம் வருவோம். அடிப்படையில் அவர் ஓவியர். சியாட்டிலில் வளர்ந்து, படநிறுவனங்களுக்கு விளம்பரச் சித்திரம் வரைந்துகொண்டிருந்தவர். 1935ல் 'சார்லி சான் இன் பாரிஸ்' படத்தில் மூத்த மகனாக நுழைந்தார். துருதுருப்பும் அசட்டுத் துணிச்சலும் கொண்ட பிள்ளை. நல்ல அமெரிக்க ஆங்கிலம் பேசுகிறவன். தந்தையோ வாக்கியத்தில் பாதியை விழுங்கிவிட்டுப் பழமொழி உதிர்ப்பவர். சீனர் சரளமாகப் பேச, ஸ்வீடன்காரர் சீனருக்காகத் திக்கிப் பேசுகிறார். அந்தப் பழமொழிகள் பெரும்பாலும் வசனகர்த்தாக்களின் கைவண்ணம் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம்.

ஆயினும் இருவரும் சேர்ந்துவரும் காட்சிகளில் ஒரு வாஞ்சை இருக்கிறது. அதை நடிப்பு என்று மட்டும் ஒதுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. 1938 ஜனவரியில் 'சார்லி சான் அட் த ரிங்சைட்' படப்பிடிப்பின் நடுவே ஓலண்ட் எழுந்து போய்விட்டார், திரும்பவில்லை. எடுத்தவரை வீணாக்க விரும்பாத ஃபாக்ஸ் நிறுவனம், அதையே ஜப்பானியத் துப்பறிவாளர் மோட்டோவின் படமாக, 'மிஸ்டர் மோட்டோஸ் கேம்பிள்' என்று மாற்றியது. மோட்டோவாக நடித்த பீட்டர் லோரும் ஐரோப்பியர்தான். லீ சான் மட்டும் அப்படியே இருந்தான். தந்தை இல்லாத படத்தில், வேறொரு துப்பறிவாளரின் மாணவனாக. அந்த ஆகஸ்டில் ஓலண்ட் ஸ்டாக்ஹோமில் காலமானார். கீ லூக் தொடரை விட்டு விலகினார்.

அவருக்கு வாய்த்த தந்தையரின் பட்டியல் விசித்திரமானது. 'த குட் எர்த்' (1937) படத்திலும் அவர் மூத்த மகன்தான். சீன விவசாயியான தந்தை வேடத்தில் பால் முனி, தாய் வேடத்தில் லூயி ரைனர். அன்னா மே வாங் ஆசைப்பட்ட தாய் வேடம் அது.

ஒரே ஒருமுறை மகன் தந்தையின் நாற்காலியில் அமர்ந்தார். மோனோகிராம் என்ற சிறிய நிறுவனம் போரிஸ் கார்லாஃபை வைத்து 'மிஸ்டர் வாங்' என்ற சீனத் துப்பறிவாளர் படங்கள் ஐந்து எடுத்திருந்தது. ஆறாவதான 'ஃபாண்டம் ஆஃப் சைனாடவுன்' (1940) படத்தில் அந்த வேடம் கீ லூக்கிடம் வந்தது. சீன அரசர் ஒருவரின் கல்லறையைத் தோண்டி எடுத்துவந்த அமெரிக்க ஆய்வாளர்களைச் சுற்றிய கதை. வாஷிங்டனின் உடலைத் தோண்ட ஒரு சீன ஆய்வுக்குழு கிளம்பியிருக்கிறது என்று படத்தில் ஒரு கேலி வருகிறது. மலிவான படம்தான், அரங்கச் சுவர் ஆடுவதுபோலத் தெரிகிறது. ஆனாலும் ஓலண்டின் படங்கள் எதிலும் இப்படியொரு வசனத்தை நாங்கள் கேட்டதில்லை. அத்தோடு அத்தொடர் நின்றுபோனது.

ஓலண்டுக்குப் பின் வந்த மிசௌரிக்காரர் சிட்னி டோலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, இறுக்கமான சான். ஃபாக்ஸ் 1942ல் தொடரைக் கைவிட்டபோது, பிக்கர்ஸின் மனைவியிடமிருந்து உரிமையை அவரே வாங்கி மோனோகிராமுக்குக் கொண்டுபோனார். அங்கே பேய்க்கு அஞ்சி நடுங்கும் கறுப்பின ஓட்டுநராக மாண்டன் மோர்லண்ட் வந்தார். அவருடைய நகைச்சுவை நேரக்கணக்கு அபாரமானது, அதற்குத் தரப்பட்ட வேலையோ கேவலமானது. கீ லூக்கின் சொந்தத் தம்பி எட்வின் லூக்கும் 'த ஜேட் மாஸ்க்' (1945) படத்தில் சானின் ஒரு பிள்ளையாக வந்துபோனார்.

இவற்றை இன்று எப்படிப் பார்ப்பது? 1993ல் ஜெசிகா ஹேகடோர்ன் தொகுத்த ஆசிய அமெரிக்கப் புனைகதைத் தொகுப்பின் பெயரே 'சார்லி சான் இறந்துவிட்டான்' என்பதுதான். 2003ல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி இப்படங்களை ஒளிபரப்ப முனைந்தபோது எதிர்ப்பு எழுந்து நிறுத்தப்பட்டது. பிறகு ஆசிய அமெரிக்கர்கள் பங்கேற்ற விவாதங்களோடு சேர்த்துக் காட்டினார்கள். எதிர்த்தவர்களின் கோபம் முழுக்க நியாயமானது என்றே கருதுகிறோம். ஆனால் கீ லூக் தம் வாழ்நாள் முழுவதும் சார்லி சானை விட்டுக்கொடுக்கவில்லை. கொலைகாரர்களும் சலவைக்காரர்களுமாக மட்டுமே சீனர் திரையில் வந்த காலத்தில் இது ஒரு சீன நாயகனின் கதை என்பதே அவர் கட்சி. கோட்டுக்கு மறுபுறம் நின்று அந்தப் படங்களில் நடித்தவர் சொல்வதைத் தள்ளிவிடவும் எங்களால் முடியவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டேதான் அவற்றைப் பார்க்கிறோம். சில இரவுகளில் ரசிக்கிறோம், சில இரவுகளில் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

1972ல் ஹன்னா பார்பரா நிறுவனம் 'த அமேசிங் சான் அண்ட் த சான் கிளான்' என்ற கார்ட்டூன் தொடரைத் தயாரித்தது. அதில் சார்லி சானுக்குக் குரல் கொடுத்தவர் 68 வயதான கீ லூக். அமெரிக்கத் திரையில் சீனர் ஒருவர் அந்த வேடத்தை ஏற்றது அதுவே முதல்முறை; முகம் தேவைப்படாத வேடம். பத்துப் பிள்ளைகளுக்கும் முதலில் ஆசிய வம்சாவளிக் குழந்தைகளே பேசினார்கள். அவர்களுடைய உச்சரிப்பு அமெரிக்க நேயர்களுக்கு விளங்காது என்று சொல்லிப் பலரை மாற்றினார்கள். மாற்றாக வந்தவர்களுள் சிறுமி ஜோடி ஃபாஸ்டரும் ஒருவர்.