புகைக்குள் ஒரு காலடி

1999-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள், அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், பயனற்றுக் கிடந்த பழைய குளிர்பதனக் கிடங்கொன்று தீப்பற்றியது. வீடற்ற ஏழைகள் எவரேனும் உள்ளே சிக்கியிருப்பர் என்றெண்ணித் தீயணைப்பு வீரர்கள் நுழைந்தனர். மேல்தளங்களில் சன்னல்களே இல்லை. புகை கட்டிய இருளில் இருவர் வழி தவறினர். சுவாசக் காற்று தீர்ந்துவருவதாக வானொலிக் கருவியில் அறிவித்தவர்களால், தாம் இருக்கும் இடத்தைத் தெளிவாய்ச் சொல்ல இயலவில்லை. அவர்களைத் தேடிச் சென்ற நால்வரும் மீளவில்லை. ஆறாவது உடல் கிடைக்க எட்டு நாட்கள் ஆயின. அவர்கள் யாரைத் தேடிப் போனார்களோ அந்த ஏழைகள் முன்பே வெளியேறியிருந்தனர் என்பதைப் படிக்கையில் நம் நெஞ்சு கனக்கிறது.

அந்நகரின் பல்தொழில்நுட்பக் கல்வி நிறுவனம், கட்டடத்திற்குள் வீரர் இருக்குமிடத்தை அறியும் ஆராய்ச்சியில் இதன் பின்னரே இறங்கியது. செயற்கைக்கோள் வழிகாட்டாதோ என வாசகர் வினவலாம். அதன் மெல்லிய அலைகள் கனத்த சுவர்களைத் தாண்டி உள்ளே வருவது அரிது. ஆகவே ஆளின் அசைவையே கணக்கிட்டு இடத்தை அறிய முயன்றனர் அறிஞர் பலர்.

இக்கணக்கு எளிதன்று. நாமும் நம் இல்லத்தாரும் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, கூடத்திலிருந்து அடுக்களை வரை அடியெண்ணி நடந்து பார்த்தோம். பல்லாண்டு பழகிய வீடுதான். ஆயினும் ஒருவர் நெல் குதிரில் முட்டினார், மற்றவர் சுவரைத் தழுவினார்! கருவிக்கும் இதே கதிதான். முடுக்கத்தை அளக்கும் சில்லு விநாடிக்கு விநாடி 0.01 மீட்டர் அளவு பிசகினால், ஒரு நிமிடத்தில் கணக்கு 18 மீட்டர் விலகும். பத்து நிமிடத்தில் 1,800 மீட்டர். பிழை காலத்தின் வர்க்கத்தோடு பெருகுகிறது.

இங்கேதான் பாதம் துணைக்கு வருகிறது. நடப்பவரின் ஒவ்வோர் அடியிலும் உள்ளங்கால் ஒரு கணம் தரையில் அசையாது படிகிறது. காலணியில் பொருத்திய கருவி அக்கணத்தை உணர்ந்து, ‘இப்போது வேகம் சுழியம்’ என்று தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது. கடன் சேராமல் அன்றன்றே அடைக்கும் குடும்பத்தலைவியைப் போல, பிழை குவியுமுன் அடிக்கு அடி தீர்த்துவிடுகிறது. எந்தத் தளம் என்பதைக் காற்றழுத்தமானி கூறும். ஒரு மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 12 பாஸ்கல் குறைகிறது. ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கழகமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி இத்தகைய கருவியொன்றை ‘ஓப்பன்ஷூ’ என்னும் பெயரில் அமைத்து, அதன் வடிவமைப்பை எவரும் எடுத்தாளலாம் என வெளியிட்டன. அறிவைப் பூட்டி வைக்காத அச்செயலை நாம் மெச்சுகிறோம்.

நிற்க. திசையின் பிழை மட்டும் இதனால் தீர்வதில்லை. பாதம் நின்றபோதும் அது எப்பக்கம் நோக்கி நிற்கிறது என்பதைக் கருவி தவறாகக் கொள்ளக்கூடும். நேராகச் சென்றவர் மெல்ல வளைந்து சென்றதாகப் படத்தில் தெரிவார். ஆதலால் கட்டடத்தின் வரைபடத்தை உடன் வைத்து, சுவரை ஊடுருவிச் செல்லும் பாதைகளை எல்லாம் தள்ளிவிடுகின்றனர். ஆனால் கைவிடப்பட்ட கிடங்கிற்கு வரைபடம் யார் வைத்திருப்பர்?

இன்னொன்றும் உண்டு. ஆய்வுக்கூடத்து நடைபாதையில் நிமிர்ந்து நடப்பவர்க்கு இக்கணக்கு நன்கு பொருந்துகிறது. புகை சூழ்ந்த அறையிலோ வீரர் நடப்பதில்லை. தரையோடு தாழ்ந்து, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்கின்றனர். அப்போது உள்ளங்கால் தரையில் படிவதே இல்லை.