ரீமின் இடது முன்னங்கால்

2008ஆம் ஆண்டிலிருந்து 2014வரை கத்தாரில் ஒரு தனியார் குதிரை லாயத்தில் வேலை செய்தேன். ஊருக்கு லீவில் வந்தால், "குதிரை பார்க்கிற வேலையா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மாடும் ஆடும் பார்த்து வளர்ந்த அக்கரைப்பற்றுக்காரனுக்குக் குதிரையைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் அங்கிருந்த பாகிஸ்தான்காரப் பெரியவர் ஒருவரிடம் கற்றவை. அவரை நாங்கள் சாச்சா என்று அழைப்போம்.

அவர் முதலில் கற்றுத் தந்தது காலைத் தொட்டுப் பார்க்க. குதிரையின் முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்ல ஒன்றுமில்லை. எலும்பும், அதன் பின்புறமாகக் கயிறுபோல் இறங்கும் தசைநாண்களும், மேலே மெல்லிய தோலும்தான். தினமும் விடியலில் உள்ளங்கையால் நீவி, ஒரு காலை மற்றக் காலோடு ஒப்பிட்டு, சூடோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நொண்டத் தொடங்குமுன்பே காயம் பல சமயம் கைக்குச் செய்தி சொல்லிவிடும்.

2011இல் ரீமின் இடது முன்னங்கால் அப்படித்தான் சொன்னது. ரீம் என்றால் அரபியில் மான். முதலாளியின் இளைய மகள் ஏறுகின்ற அரபு இனப் பெண்குதிரை. முதல்நாள் வேகமாக ஓடியிருந்தாள். மறுநாள் காலையில் அந்தக் காலின் பின்புறம் சூடாக, சிறிது புடைத்திருந்தது. மிருக வைத்தியர் ஸ்கேன் செய்து, தசைநாணின் இழைகள் அறுந்திருப்பதைக் காட்டினார். பத்து மாதங்கள் போயின. முதலில் ஓய்வு; பிறகு கயிற்றில் பிடித்து நடத்தல்; அதற்கும் பிறகு ஆள் ஏறி மெல்ல நடத்தல். ஆறிய இடத்தில் உருவாகும் தழும்புத் திசுவுக்குப் பழைய நெகிழ்ச்சி வருவதில்லை. மறுபடியும் காயப்படுகிற ஆபத்து எப்போதும் உண்டு.

ஓட்டப் பயிற்சி தொடங்கும் நாள் நெருங்கியபோது முதலாளி ஒரு சோடிக் கால்கவசங்களோடு வந்தார். தடித்தவை, விறைப்பானவை, கணுமூட்டின் கீழால் பட்டி சுற்றிக் கட்டுபவை. தசைநாணைத் தாங்கிப் பிடிக்கும் என்று கடையில் சொன்னார்களாம். விலையும் கொஞ்சமல்ல. "இதைப் போட்டால் குளிர்காலப் போட்டியில் ஓடலாம்தானே?" என்று மகள் கேட்டாள். சாச்சா என்னைப் பார்த்தார். அவருக்கு அரபு குறைவு. சொல்ல வேண்டியவன் நான். மாதச் சம்பளத்துக்கு நிற்பவன், முதலாளி வாங்கி வந்த பொருளை அவர் மகளின் முன்னால் வேண்டாமென்று சொல்வது இலேசான காரியமல்ல.

"பாபா, இது எதைத் தடுக்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம்" என்றேன்.

காலுக்கு வரும் ஆபத்து இரண்டு வகை. ஒன்று வெளியிலிருந்து வரும் அடி. பின்னங்குளம்பு முன்னங்காலின் பின்புறத்தில் இடிக்கலாம், குதிகாலை மிதிக்கலாம்; ஒரு கால் மறுகாலில் உரசலாம். இவற்றைக் கவசம் தடுக்கும். மற்றது உள்ளிருந்து வரும் இழுவை. முழு வேகத்தில் ஓடும் குதிரையின் ஒற்றைக் காலில் அதன் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. ரீமுக்கு ஏறக்குறைய 400 கிலோ. ஆயிரம் கிலோவை ஓர் ஒட்டுப்பட்டி தாங்கிப் பிடிக்குமா? ரீமின் காயம் இரண்டாவது வகை.

சூடும் இருக்கிறது. ஓடும் குதிரையின் தசைநாணின் நடுப்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதை 1994இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதன் மேல் காற்றுப் புகாத தடித்த நியோபிரீனைச் சுற்றினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. பாலைவன மணல் உள்ளே புகுந்தால் வியர்வையோடு சேர்ந்து அரம்போலத் தோலைத் தேய்க்கும். பாரமும் கவனிக்க வேண்டியது. தடைதாண்டல் போட்டிகளில் ஒரு காலில் அணிவிப்பவை எல்லாம் சேர்ந்து 500 கிராமுக்கு மேற்படக்கூடாது என்று சர்வதேச விதியே இருக்கிறது.

துணிப்பட்டி சுற்றலாமே என்றார் முதலாளி. சுற்றத் தெரிந்த கைக்கு அது நல்லதுதான். ஆனால் ஓரிடத்தில் இறுக்கம் கூடினால் பட்டியே தசைநாணைக் காயப்படுத்திவிடும். தளர்ந்து அவிழ்ந்தால் குதிரையின் காலையே சிக்கவைக்கும்.

முதலாளி நெடுநேரம் பேசவில்லை. பிறகு வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தார். வைத்தியரும் அதையே சொன்னார்.

கடைசியில் வாங்கியது பாரமற்ற, காற்றுத் துளைகளுள்ள கவசம். பின்புறம் மட்டும் அடி தாங்கும் கெட்டித் தகடு. ரீமுக்குப் பின்குளம்பால் முன்குதிகாலை மிதிக்கும் பழக்கம் இருந்ததால், முன்குளம்புகளுக்கு மணி வடிவ றப்பர் வளையங்கள். பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசாததால் அங்கே ஒன்றும் போடவில்லை. கவசத்தைச் சற்று மேலே வைத்து, மயிர் படியும் திசையில் கீழே இறக்கி, பட்டிகளை ஒரே அளவு இறுக்கத்தில் கட்டுவோம். ஓடி முடிந்த உடனேயே கழற்றி, காலுக்குக் குளிர்ந்த நீர் அடிப்போம்.

அந்தக் குளிர்காலப் போட்டிக்கு ரீம் போகவில்லை. மகள் இரண்டு நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியலில் லாயத்துக்கு வந்தவள், கையுறையைக் கழற்றிவிட்டு ரீமின் அருகே குந்தினாள். முதலில் வலது கால், பிறகு இடது கால். "இரண்டும் ஒரே சூடுதான்" என்றாள். சாச்சா தலையாட்டினார். கடையிலிருந்து வந்த அந்தத் தடித்த சோடி, நான் ஊர் திரும்பும்வரை லாயத்து அலுமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது.