நீல ஓட்டை, ரோஸ் ஓட்டை

கம்ப்யூட்டருக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு. இரண்டும் ஒரே நாளில் ஒழுங்காக வேலை செய்தால், அன்றைக்கு உங்களுக்கு குரு பார்வை என்று அர்த்தம்!

எங்கள் வீட்டில் ஒரே ஒரு கேசட் மிச்சம். 1987-ல் மஸ்கட்டிலிருந்து அப்பா பேசி அனுப்பியது. அப்போதெல்லாம் வளைகுடா போனவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்புவார்கள். போன் பேசக் காசுக்கு எங்கே போவது? அப்பா 2004-ல் போய்விட்டார். அம்மாவுக்கோ காது மந்தமாகிக்கொண்டே வருகிறது.

"ஒரு தடவை கேட்டுடறேன்டா. அப்புறம் காது போனாப் போகட்டும்!"

பழைய டேப் எந்த நிமிஷம் சிக்கும், அறும் என்று சொல்ல முடியாது. ஆகவே, ஓடுகிற முதல் தடவையே கம்ப்யூட்டரில் ஏற்றிவிட வேண்டும். கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை முதலில் உடைத்தேன். அது இல்லாவிட்டால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. அப்பா மேல் வேறு எதுவும் பதியாது.

ஒத்திகைக்கு ஒரு சினிமாப் பாட்டு கேசட். மைத்துனன் ஒயரைச் செருகினான். "ஓடுது அத்தான்!" போட்டுக் கேட்டால்... மூன்று குக்கர் விசில், "சிலிண்டர் தீர்ந்துடுச்சு" என்று என் மனைவியின் அறிவிப்பு. பாட்டைக் காணோம். கம்ப்யூட்டர் ஒயரை விட்டுவிட்டு வெப் கேமரா மைக் வழியாக வீட்டையே ஒட்டுக்கேட்டிருக்கிறது! சவுண்ட் செட்டிங்கில் 'இன்புட்' எது என்று மாற்றியதும் வழிக்கு வந்தது.

இப்போது பாட்டு வந்தது. ஆனால் பாடகர் வாயில் மணலைப் போட்டுக்கொண்டு பாடினார். காரணம், ரோஸ் கலர் ஓட்டை. அது மைக்குக்கு. மைக் தருவது சில மில்லிவோல்ட்தான். டேப் ரிக்கார்டர் தருவது அதைப்போலப் பல மடங்கு. தாங்குமா? சிபியு டப்பாவின் முதுகில் நீல ஓட்டை இருக்கிறது பாருங்கள், அதுதான் 'லைன் இன்'. அங்கே செருகி, மீட்டர் சிவப்பைத் தொடாமல் வால்யூமைக் குறைத்தோம். சிவப்பில் போய்ச் சிதைந்த ஒலியைப் பழையபடி ஆக்க முடியாது, ஸார். லேப்டாப்காரர்கள் 'லைன் இன்' உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்குவது நல்லது.

அடுத்து, பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்...' என்று ஓர் உறுமல். நம் ஊர் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அது. இரண்டு மெஷினும் தனித்தனியாகக் கரண்டில் இருந்து, நடுவில் ஒயரும் இணைத்தால் இப்படி வரும். டேப் ரிக்கார்டரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கி நான்கு பெரிய பாட்டரி போட்டேன். கப்சிப்!

கடைசி வில்லன், இரைச்சலைக் குறைக்கிறேன் என்று தானாக வேலை செய்யும் வசதி. பேச்சு தவிர மற்றதெல்லாம் அதற்குக் குப்பை. வயலினையே விழுங்கியிருந்தது. 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் அணைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. ஃபேன் ஆஃப். குக்கருக்கு விடுமுறை. ஒரு பக்கம் முப்பது நிமிஷம் என்றால் ஏறவும் முப்பது நிமிஷம்தான், அவசரப்படுத்த முடியாது. டேப் சிக்கவில்லை.

அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். அப்பா என் படிப்பு, மாட்டுக் கொட்டகை, தங்கையின் இருமல் எல்லாம் விசாரித்தார். அம்மா அசையவில்லை. திடீரென்று கையை உயர்த்தினாள்.

"நிறுத்து. பின்னாடி ஏதோ 'ணங்'ங்குதே?"

திரும்பப் போட்டேன். பாத்திரச் சத்தம்.

"சமையல் முறை வாரத்துக்கு ரெண்டு நாள் எனக்குன்னு எழுதியிருந்தார். பேசிட்டே பாத்திரம் கழுவியிருக்கார், பாவம்" என்றாள்.

இதுவரை அந்த இடத்தை ஆறு தடவை கேட்டாயிற்று. மூன்று காப்பி எடுத்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட் இருக்குமே, ஸார்... முதலில் அந்தப் பிளாஸ்டிக் பல்லை உடையுங்கள்!